படத்தில் செத்துப்போன அம்மா எழுதுவது

என் செல்லக்குட்டிக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், தம்பியும் நன்றாக இருக்கிறான், அவன் வெட்டிக்கொண்டு வந்திருக்கும் முடிதான் நன்றாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? உன் நாவலைப் படமாக எடுத்துக் கெடுத்துவிட்டார்கள், யாரும் பார்க்காதீர்கள், ஊரில் முகம் காட்ட முடியாது, லீவுக்கும் வரமாட்டேன் என்று போனில் அழுதாயே, நீ போனை வைத்ததும் நாங்கள் போய் டிக்கெட் வாங்கிவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே.

வாஸ்தவம்தான் கண்ணு, சொதப்பியிருக்கிறார்கள். பதினாறு வயதானால் யாருக்கு என்ன வேலை என்று அரசாங்கமே முடிவு செய்யும் ஊர், அங்கே வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே மாட்டேன் என்று சொல்கிற பெண், அதுதானே நீ எழுதினது? படத்தில் அவள் எடுத்த எடுப்பிலேயே நாலு பேரை உதைக்கிறாள். பயமே இல்லாதவள் மாட்டேன் என்றால் அதில் என்ன இருக்கிறது? மிச்ச நேரமெல்லாம் இரண்டு பையன்களில் எவனைப் பிடித்திருக்கிறது என்று யோசிக்கிறாள், ஊரே பற்றி எரிகிறது, இவளுக்கு இந்தக் கவலை! எங்கள் கிளினிக் பல் டாக்டரும் கூட வந்திருந்தார், சுரங்கத்தில் ஒளிந்து பட்டினி கிடந்தவளுக்குப் பல் எப்படி இவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்று தியேட்டரிலேயே சத்தமாகக் கேட்டுவிட்டார். அதையெல்லாம் விடு. என்னை அச்சு அசலாக வைத்து எழுதியிருந்தாயே அந்த அம்மா, அதிகாரிகளையே அதட்டுகிறவள், அவளைப் படத்தின் பெயர் போடுவதற்குள் சாகடித்துவிட்டார்கள்! அப்பா பதறிப்போய் என் கையைப் பிடித்தார், நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

முகம் காட்ட முடியாது என்றாயே, இங்கே நடப்பதைக் கேள். டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம் படத்தை விடுங்க, புத்தகத்தைப் படிங்க என்கிறார், வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள் என்ன மறுத்துப் பேசுவார்கள்? முந்தாநாள் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்ட ஒரு பெண், பஞ்சைக் கடித்தபடியே ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, படத்துல செத்த அம்மா நீங்கதானா, புத்தகத்துல பிச்சு உதறியிருக்கீங்களே என்று குழறிக்குழறிச் சொன்னாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. சொதப்பினது அவர்கள், நீ ஏன்டி வெட்கப்படுகிறாய்?

நீ நிறைய எழுது, நூறு வயசு நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. துவைக்காத துணி இருந்தால் அப்படியே பெட்டியில் போட்டுக் கொண்டுவா, இங்கே பார்த்துக்கொள்ளலாம். வரமாட்டேன் என்று மறுபடி சொன்னாயோ, நான் அங்கே வந்து இறங்கிவிடுவேன், அப்பாவையும் அவர் குறட்டையையும் கூட்டிக்கொண்டு. படம் எக்கேடோ கெட்டுப்போகட்டும், எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

உன் அம்மா