ஓடைக்கரையில் கட்டிய சிவப்புத் துணி

என் அன்பு அண்ணி,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. நான் ஒரு காரியம் செய்து மாட்டிக்கொண்டேன். திட்டத்தான் போகிறீர்கள், திட்டுங்கள். பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

நம் வட்டவளைத் தேயிலை மலையில், ஓடைக்கரையில் ஆறு மரமஞ்சள் கொடிகளை விட்டுவைத்தீர்களே, அதைப் பற்றித்தான். காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு அவித்துக் குடிக்க, அட்டை கடித்துப் புண்ணான காலைக் கழுவ, நம் லயத்து வீடுகள் எல்லாமே உங்களிடம்தான் வரும். பெருவிரல் அளவு தடிக்காத கொடியில் கத்தி வைக்க விடமாட்டீர்கள். அவசரப்பட்டு நான் ஒருமுறை வெட்டப்போய், தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் இருந்தவரை, புல் சாக மருந்து அடிக்கிறவர்கள் உங்கள் வாய்க்குப் பயந்து அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். இப்போது கொந்தரப்புக் கூலிக்கு வெளியிலிருந்து புது ஆட்கள் வருகிறார்கள். கங்காணியிடம் கெஞ்சினேன். "ஏதாச்சும் அடையாளம் கட்டி வைங்க, தொடமாட்டாங்க. இல்லாட்டி எது புல்லு, எது கொடின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நியாயம்தானே? உங்கள் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து ஆறு கொடிகளிலும் கட்டினேன். மருந்து அடித்தார்கள். சுற்றிலும் புல் கருகியது, ஆறு கொடியும் பச்சையாக நின்றன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் கொழுந்தெடுக்கப் போனால், ஐந்து இடத்தில் குழி. யாரோ விற்பதற்காக வேரோடு தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள், அண்ணி. துணிகள் சேற்றில் கிடந்தன. புதருக்குள் இருந்த ஒன்றுதான் அவர்கள் கண்ணில் படாமல் தப்பியது.

போன ஞாயிறு கடைத்தெருவில், வேனிலிருந்து இறங்கிய ஒருவன் என் பக்கத்தில் வந்து நின்றான். முன்பின் பார்த்ததில்லை. மரியாதையாகத்தான் பேசினான்.

"அக்கா, செவப்புத் துணி கட்டுன கொடி இன்னும் இருக்கா? திரும்ப வருவோம். நீங்க அந்தக் கடைசி லயம்தானே?"

தெரியாது என்றேன். மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டேன். நான் எந்த லயம் என்று அவனுக்கு யார் சொன்னது? தோட்டத்துத் துரையிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். துணி கட்டியவள் நான், காட்டிக்கொடுத்தவளும் நான்தான் என்று அவர் சொல்லிவிட்டால்? இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன், அண்ணி? கதவில் காற்று தட்டினாலும் அவன்தானோ என்று எழுந்து உட்காருகிறேன்.

துணி இருந்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான். இல்லாவிட்டால் கொடி மருந்தில் கருகிவிடும். அவன் எந்த நாள் வருவான், மருந்து எந்த நாள் அடிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

இன்று காலை அந்த ஒரு துணியையும் அவிழ்த்துவிட்டேன். மருந்துக்காரர்கள் ஓடைப் பக்கம் இறங்குகிற அன்று, எந்த மலையில் கொழுந்தெடுத்தாலும் கூடையை வைத்துவிட்டு ஓடிவருவேன். அன்றைக்கு அரைநாள் பேர் போட்டுச் சம்பளத்தை வெட்டினால் வெட்டட்டும். உங்களைப் போலச் சண்டை போட எனக்கு வராது. அழுதாலும் அழுவேன். ஆனால் அவர்கள் தாண்டிப் போகும்வரை, துணி இருந்த இடத்தில் நான் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பயந்தாங்கொள்ளி நாத்தனார்