அம்மாவின் சர்வரை நிறுத்தியது யார்

அன்புள்ள வாலுவுக்கு,

நானும் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இரண்டு வாரமாக அம்மா போனை அவசர அவசரமாக வைத்துவிடுகிறாள் என்று குறைப்பட்டாய் அல்லவா, அதற்குக் காரணம் இருக்கிறது. கண் ஆஸ்பத்திரியில் அவளுடைய கோப்பு அறைக்கு வெளியே நோயாளிகள் காத்துக் கிடப்பதைப் பார்த்த பெரிய டாக்டர், வெளியாட்களை வைத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம், உங்களை வரவேற்பு மேசைக்கு மாற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பத்தொன்பது வருடம் கட்டிக் காத்த அறை, இவள் விடுவாளா. "பதினைஞ்சு நாள் குடுங்க, நோயாளி நம்பரைப் போட்டா ஃபைல் எந்த அலமாரின்னு சொல்ற மாதிரி நானே செஞ்சு காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நீ விட்டுப்போன லேப்டாப்பில் ஜாவா, எக்ளிப்ஸ், டாம்கேட் எல்லாவற்றையும் தானே ஏற்றினாள். உன்னைக் கேட்கலாமே என்றதற்கு "அவகிட்ட கேட்டா அவ செஞ்சதா ஆயிடும்" என்றாள். எழுதுகிற இடம் எக்ளிப்ஸ், எழுதியதை ஓட்டுகிற சர்வர் டாம்கேட், கேட்ட கேள்விக்குப் பதில் தருகிற புரோகிராமுக்கு சர்வ்லெட் என்று பெயராம், பக்கத்தில் உட்கார்ந்து எனக்கே இவ்வளவு தெரிந்துவிட்டது. முதல் வாரம் சர்வர் கிளம்பவே மாட்டேன் என்றது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, முகவரிக்கு முன்னால் போட வேண்டிய ஒரு சாய்கோடு விட்டுப்போனதைக் கண்டுபிடித்தாள். பிரவுசரில் அலமாரி எண் வந்து நின்றபோது நீ அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகுதான் தொல்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர், அவள் குளிக்கவோ சமைக்கவோ போய் வந்தால் நின்று போயிருக்கும். தான் எழுதியதில்தான் ஏதோ பிழை என்று முதலிலிருந்து எழுதினாள், மறுபடியும் நின்றது, மூன்றாவது முறையும் எழுதினாள். கண்ணுக்குக் கீழே கருவளையமே வந்துவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே "நான் உக்காந்திருந்தா ஓடுது, எழுந்து போனாத்தான் நிக்குது, என்ன மாயமோ" என்றாள். எனக்குப் பகீர் என்றது. முப்பது வருடம் தண்ணீர் பம்ப் ஓட்டியவனுக்கு, ஆள் இல்லாத அறையில் எந்திரம் ஓடினால் கை சும்மா இருக்குமா. திரையின் கீழே, சர்வரை நிறுத்த அவள் அமுக்குகிற சின்னச் சிவப்புக் கட்டம் தெரியும், லேப்டாப் வேறு சூடாக இருக்கும், பாவம் அணைக்க மறந்துவிட்டாள் என்று ஒவ்வொரு முறையும் அதை அமுக்கியது நான்தான். உதவி செய்கிறோம் என்று வேறு நினைப்பு.

சொல்ல வாய் வரவில்லை வாலு, கையை மட்டும் கட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு எண்ணைத் தட்ட, ஏழாம் அலமாரி மூன்றாம் தட்டு என்று வந்ததாம், நர்ஸ் போய்ப் பார்த்தால் கோப்பு அங்கேயே இருந்ததாம். "வெளியாள் வேண்டாம், இந்த ரூம் உங்களோடதுதான்" என்று சொல்லிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்தவள், "ரெண்டு தடவை தப்பா எழுதி மூணாவதுலதான் எனக்குப் புத்தி வந்துச்சு" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், அதைக் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. நேற்றுக் காலை உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டித் தீர்ப்பாள் என்று பார்த்தால் நேரே போய் லேப்டாப்பைத் திறந்தாள். எந்தப் பழைய கோப்பையும் தூக்கிப் போடாதவள் அல்லவா, முதலில் எழுதியதையும் 'பழையது ஒன்று' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறாள். அதை ஓட்டிவிட்டு அடுப்படிக்குப் போய், வேண்டுமென்றே ஒரு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்தாள். ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப மொதல் தடவையே சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிடுவாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொள், மறந்தும் நடுவில் திருத்தாதே. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் மனது எப்போதும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
லேப்டாப் பக்கம் போகத் தடை விதிக்கப்பட்டிருக்கும்
உன் அப்பா