ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுச் செய்தி

செம்மண்டலம்,
2008

அன்பு மகளே,

அப்பாவின் காரியம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

உள்ளூர் கேபிள் டிவியில் ஞாயிறுதோறும் விளையாட்டுச் செய்தி சொன்னவருக்கு இவ்வளவு கூட்டமா என்று மலைத்துப்போனேன். சிதம்பரத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அவரை டிவியில் மட்டுமே பார்த்த பெண்கள், சொந்த அண்ணனைப் பறிகொடுத்ததுபோல் அழுதார்கள்.

நம் தெரு வாலிபால் அணி எப்போதும் தோற்கும், உனக்குத் தெரியும். "நம்ம பசங்க இந்த வாரமும் எதிர் டீம் மனசு நோகாம ஆடுனாங்க" என்று அப்பா ஊரையே சிரிக்க வைப்பார். அந்தப் பிள்ளைகள்தான் அவரைத் தூக்கிப் போனார்கள்.

கேப்டன் சுஹைப் சொன்னான்: "ஜெயிச்ச டீம எல்லாரும் பேசுவாங்கம்மா. தோத்த எங்க பேரையும் ஒவ்வொண்ணா சொன்னவரு அவரு ஒருத்தர்தான்."

நேற்று அண்ணாமலை நகரில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். கோப்பையை அப்பா படத்தின் முன் வைத்தார்கள். கேபிள்காரரும் கேமராவோடு வந்திருந்தார்.

"இந்த வாரச் செய்திய நீங்க சொல்லுங்கம்மா" என்றான் சுஹைப்.

மைக் பிடித்தே அறியாத நான் எல்லார் பெயரையும் சொன்னேன். கடைசியில் உன் பெயரும் வாயில் வந்துவிட்டது. அதை வெட்டாமலே ஒளிபரப்பினார்கள்.

உன்,
அம்மா