உனக்குப் பாடச் சொல்கிறார்கள்

அக்கா,

படிக்கத் தெரியாத உனக்கு எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வாய்விட்டுச் சொல்ல எனக்கு என்றைக்குத்தான் வந்திருக்கிறது?

இன்று பள்ளிக்கூடம் விட்டுத் திருப்பதி கடைத்தெரு வழியாக வந்தேன். செடியோடு பிடுங்கிய வேர்க்கடலையை ஒருத்தி கொட்டி வைத்திருந்தாள். ஈரமண் வாசனை. நாளெல்லாம் தெலுங்கில் கணக்கு நடத்திய களைப்போடு அங்கேயே நின்றுவிட்டேன்.

நம் ஊரில் சாவு விழுந்தால் உன்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து, நீ ஒப்பாரி எடுக்கக் காத்திருப்பார்கள். நீ உடனே எடுக்கமாட்டாய். செத்தவரின் மருமகளைத் தனியே அழைத்துப்போய், "உங்க மாமனாரு இன்னா துன்னுவாரு? யாரு கூட சண்ட?" என்று விசாரிப்பாய். நம் ஊர்ப்பக்கம் ஆந்திர எல்லைக்கல் நட்ட வருடம் மேலத்தெருப் பெரியவர் இறந்தபோது,

"மெட்ராசா ஆந்திராவான்னு
தெனம் கேட்ட மாமனே,
கேட்டாலும் சொல்லாத
ஊருக்குப் போனீயே"

என்று நீ எடுத்ததும், அழுதவர்கள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இன்னும் அழுதார்கள்.

அப்படிப்பட்ட நீ, உன் வீட்டுக்காரர் இறந்தபோது வாய் திறக்கவில்லை. எல்லாரும் உன்னையே பார்த்தார்கள். நான் உன் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஊரு சாவுக்கெல்லாம் பாடினா, கட்னவனுக்கு ஒரு வரி இல்ல பாரேன்" என்று உன் நாத்தனார் காதுபடவே சொன்னாள்.

மாதங்கள் கழித்து, எல்லாரும் கூடிக் கடலை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பகலில்தான் உனக்குப் பாட்டு வந்தது. அவருடைய குறட்டையைப் பற்றி. அதற்கு மிரண்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டதைப் பற்றி. முதலில் அழுதவள் அந்த நாத்தனார்தான்.

"இத அன்னிக்கே பாடியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"போடி காலேஜு. அன்னிக்கு நெஞ்சு முழுக்க அவரு குந்திக்கினு இருந்தாரு. பாட்டு எங்க குந்தும்? இப்பதான் கொஞ்சம் நவுந்துக்கினாரு."

பிறகு மடியிலிருந்த கடலையைப் பார்த்தபடி, "நவுந்திருக்க வேணாம்" என்றாய்.

நம் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். உணர்ச்சி பொங்கினால் பாட்டு தானே பிறக்கும் என்று தமிழ்ப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதைத் திருத்தியவர்கள் உன்னைப் பார்த்ததில்லை.

தை மாதம் உன் முதல் தெவசம். நீ போனபோது எடுத்துப் பாட ஆளில்லாமல் வெறுமனே அழுதோம். இந்தமுறை நான் பாட வேண்டுமாம். "படிச்சவதானே, நாலு வரி கட்டிக்கினு வரச் சொல்லு" என்று உன் நாத்தனாரே சொல்லியனுப்பினாள். தினமும் விளக்கேற்றியபின் உட்காருகிறேன். நீ விசாரிப்பதையெல்லாம் என்னையே விசாரித்துக்கொள்கிறேன். பதிலுக்குக் குறைவில்லை. புளித்த கூழும் சுட்ட கருவாடும், சண்டை நாத்தனாரோடு. ஆனால் ஒரு வரிகூட எழவில்லை.

கேட்க நினைத்ததை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். பாட்டு வருகிற அன்று நீ என்னிடமிருந்து கொஞ்ச தூரம் போயிருப்பாய். இந்த வருடம் அது வேண்டாம் அக்கா. தெவசத்தன்று எல்லார் நடுவிலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நீ மட்டும் கோபித்துக்கொள்ளாதே.