ஷைனிக்கு மட்டும் தெரியக்கூடாதது

3.2.2025
அஞ்சல் வழி பி.ஏ.வுக்கு ஒரு அமெரிக்கக் குறுநாவல் பாடம். இரண்டு கூலிக்காரர்கள், பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகிறார்கள். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்குவோம் என்று பேசிப் பேசியே நாளைத் தள்ளுகிறார்கள். ரூம்மேட் ஷைனிக்குத் தமிழில் சொன்னேன்.

"நம்ம கதையாட்டமே கீதுடி சுமா" என்றாள்.

எங்களுக்கு நிலம் வேண்டாம். ஊத்துக்கோட்டையில் ஒரு தையல் கடை, மாடியில் ஒரு அறை போதும். எட்டு மணிக்கு எவனும் கேட்டைப் பூட்டாத ஊடு என்பாள். இந்தக் கம்பெனி ஹாஸ்டல் அப்படிப் படுத்துகிறது.

9.2
கதையை முடித்தேன். நிலமும் கிடைக்கவில்லை, நட்பும் மிஞ்சவில்லை. "வாங்கிட்டாங்களா?" என்று ஷைனி கேட்டாள். வாங்கிவிட்டார்கள் என்றேன்.

18.2
காலையில் குளியலறை வாசலில் ஷைனிக்கு வலிப்பு. இது மூன்றாவது முறை. மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது என்று நிறுத்தியிருக்கிறாள், மகராசி. கம்பெனியில் சேரும்போதே மறைத்துவிட்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நிற்பதோ தகட்டை அடித்து வெட்டும் பிரஸ் மெஷினில்.

19.2
அவள் கை மெஷினுக்குள் போய்ப் போய் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை ஓடவில்லை.

21.2
சொல்லிவிட்டேன். அவளைப் பேக்கிங்குக்கு மாற்றுங்கள் என்றுதான் சூப்பர்வைசர் ராஜமாணிக்கத்திடம் கேட்டேன். ஏன் என்றார். வலிப்பு என்று சொல்ல வேண்டியதாயிற்று.

22.2
ஷைனியை நிறுத்திவிட்டார்கள். ராஜமாணிக்கத்திடம் ஓடினேன்.

"காண்டிராக்ட்ல கீறவங்களுக்கு லைன் மாத்தறதுலாம் கெடையாதும்மா. ஆளத்தான் மாத்துவாங்க."

இது எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமா இங்கதானே குப்பை கொட்றேன். தெரிஞ்சும் ஏன் வாயத் தொறந்தேன்? கை போயிருந்தா? — ஒருவேளை ஒண்ணுமே ஆவாம இருந்திருந்தா?

ரூமுக்குப் போனபோது பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீதான் சொன்னியா?"

ஆமாம் என்றேன். ஆர்.கே.பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம், வார்டன் சொல்லித்தான் தெரிந்தது. பஸ் ஸ்டாப் வரை பையைத் தூக்கி வருகிறேன் என்றேன். பிடுங்கிக்கொண்டாள்.

1.3
ஷைனி போனை எடுக்கவில்லை. இன்றைக்கும்.

10.3
ஷைனியின் கட்டிலுக்கு மோனிகா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளையும் பிரஸ்ஸில்தான் போட்டிருக்கிறார்கள். நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். படுக்கையை விரித்துக்கொண்டே கேட்டாள்.

"முன்ன இங்க இருந்தவங்க உங்க பிரண்டாக்கா?"

"ஒரே ரூமு. அவ்ளோதான்" என்றேன்.