முதல் கோலுக்கு முதுகு காட்டினோம்

மதிப்பிற்குரிய தந்தையார் அவர்களுக்கு, மகள் வணங்கி வரைவது. மடல் தாமதித்தமையைப் பொறுத்தருள்க. தங்கள் மூட்டுவலி தணிந்ததா? நான் நலமே, சினம் மட்டும் தணியவில்லை.

தோல்வியன்றி வேறறியாத எங்கள் கால்பந்துக் கழகம், ஆண்டு முழுதும் ஆட்டம் காணும் நுழைவுச்சீட்டின் விலையை உயர்த்திவிட்டது. "கோல் போடத் துப்பில்ல, விலைய மட்டும் ஏத்துறானுங்க!" என்று பொங்கினார் பக்கத்து இருக்கைச் செவிலியர் அக்கா. கண்டனமாக, சனிக்கிழமை ஆட்டத்தில் ரசிகர் அனைவரும் மைதானத்திற்கு முதுகு காட்டி நின்றோம். அக்கணமே எங்கள் அணி இவ்வாண்டின் முதல் கோலை அடித்தது!

"திரும்பினே, உன்கூடப் பேசவே மாட்டேன்டி" என்று அக்கா என் கையைப் பற்றினார். ஒலிபெருக்கியில் கழக மேலாளர், "பாத்தீங்களா? இதுக்குத்தான் அந்த விலை!" என்று எள்ளினார். வெட்கங்கெட்டவர்! நான் திரும்பவேயில்லை.

விலை குறையாவிடில் அக்காவால் இனி ஆட்டத்திற்கு வர இயலாது. சலவைக்கூட வேலையில் இயந்திரங்களோடு வாரத்தைக் கழிக்கும் எனக்குப் பேச்சுத்துணை அவர் ஒருவரே. அம்மாவிடம் சொல்லிக் கம்பளிக் காலுறை இரண்டு சோடி அனுப்புங்கள், ஒன்று அவருக்கு.

விரைந்து பதில் எழுதுங்கள், அப்பா.