ஹானிகன் தலைக்கு மேலே நீ பறக்கவிட்ட பேனர்

அன்புள்ள கிளென்னுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம், சியாட்டில் மழையில் நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா இப்போது பிடிமானம் இல்லாமலே மாடிப்படி ஏறுகிறாள். உன் அக்கா மார்லிஸின் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லையாம். சோளம் அறுத்தாயிற்று, சோயாவில் பாதி இன்னும் வயலிலேயே நனைந்துகொண்டு நிற்கிறது. நல்ல செய்தி இவ்வளவுதான். இனிமேல் எழுதப்போவது உன்னைத் திட்டி. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், எனக்குக் கோபத்தில் வார்த்தை வராது. அதனால்தான் காகிதம்.

போன சனிக்கிழமை வழக்கம்போல் மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஆட்களை இடம் பார்த்து உட்காரவைக்கக் கல்லூரி ஃபுட்பால் மைதானத்துக்குப் போனேன். என் பொறுப்பில் இருக்கும் வரிசையில்தான் நம் அணியின் கோச் ஹானிகனின் மனைவி நோரீனும் மகளும் உட்காருவார்கள் என்பது உனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நீ அக்கறைப்பட்டதும் இல்லை. போன வருஷம் நம்மை நாற்பது புள்ளி வித்தியாசத்தில் மண்ணில் புரட்டிய அதே அணியோடு ஆட்டம். முதல் பாதி முடியப்போகிறது, நாம் மூன்று புள்ளி முன்னால் இருக்கிறோம். கேட்டுக்கொள், முன்னால்! அப்போதுதான் தானியக் கிடங்குப் பக்கமிருந்து அந்தக் குட்டி விமானம் வந்தது, வாலில் ஒரு நீளத் துணி. ‘ஹானிகனே, மூட்டையைக் கட்டு’ என்று ஆளுயர எழுத்து. மைதானமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், “மூட்டை ஏத்த லாரி வேணும்னா நான் அனுப்புறேன்யா!” என்று கத்தினான். அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து, “அம்மா, நம்மளயா போகச் சொல்றாங்க?” என்று கேட்டது. நோரீன் மேலே பார்க்கவே இல்லை. “ஆமா. நீ ஆட்டத்தப் பாரு,” என்றாள்.

அதோடு போயிருந்தால் நானும் எவனோ குடிகாரன் வேலை என்று விட்டிருப்பேன். உன் கூட்டாளி டுவேன் பெக்கர் பீர்க் கோப்பையோடு படியேறி வந்து என் முதுகில் தட்டி, “எப்படி மிஸ்டர் டெஸ்மர்? காசு போட்டதுல உங்க கிளெனும் ஒருத்தன். அந்த வாசகமே அவன் சொன்னதுதான்!” என்றான். காது கேளாதவனுக்குச் சொல்வதுபோல் அவ்வளவு சத்தமாக. நோரீன் திரும்பி என்னைப் பார்த்தாள். உன் அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வாரமும் சூப்பு வைத்து எடுத்துவந்தவள் அவள். நீ அந்த இரண்டு வாரத்தில் ஒரு பூங்கொத்து அனுப்பினாய். அவள் வாயைத் திறந்து திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடைசி நிமிஷத்தில் எதிரணி உதைத்த ஒரு பந்தில் தோற்றோம். உடனே நீ சொல்வாய், பார்த்தீர்களா, இரண்டு வருஷத்தில் ஐந்தே வெற்றி என்று. கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் ஹானிகன் கைக்கு வந்தபோது அணி எந்த லட்சணத்தில் இருந்தது? பாதிப்பேர் வகுப்புக்குப் போகாமல் பரீட்சையில் விழுந்து, ஆடத் தகுதியில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பந்து எறிகிற நட்சத்திரப் பையன் விடுதியில் புதிதாய்ச் சேர்ந்த ஒருவனை முகம் வீங்க அடித்தான். பழைய கோச் அதை மூடி மறைத்தார், ஹானிகன் வந்த மாதமே அவனை வீட்டுக்கு அனுப்பினார். அந்த முதல் வருஷம் தோற்காமல் வேறென்ன செய்வது? இப்போது வந்து பார். முன்னெல்லாம் கடைசிக் கால் மணியில் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிய பையன்கள் இப்போது எதிரியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். நான் ஒன்றும் அவருக்குப் பூஜை போடுகிறவன் இல்லை. அந்த மனுஷன் பிடிவாதக்காரர், பந்தை எறியவேண்டிய இடத்தில் ஓடவிட்டு இந்த ஆட்டத்தையே கோட்டைவிட்டார், நானே அடித்தொண்டையில் கத்தினேன். ஆனால் கத்துவது வேறு, நீ செய்தது வேறு.

நீ செய்தது என்ன என்று தெரியுமா? உன் பேனர் திங்கட்கிழமை பேப்பரில் படமாக வந்தது. அடுத்த வருஷம் சேர்வதாக வாக்குக் கொடுத்திருந்த இரண்டு பையன்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒருவனுடைய அம்மா, “போகப்போற கோச்ச நம்பி எம்புள்ளைய எப்படி அனுப்புறது?” என்று கேட்டாளாம். கேட்டதில் என்ன தப்பு? வீடு கட்டுகிறவனிடம் செங்கல் வண்டியை வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, சுவர் ஏன் எழும்பவில்லை என்று கேட்கிறீர்கள் நீங்கள். கடைசி ஆட்டம் முடிந்ததும் நிர்வாகக் குழு கூடி ஹானிகனை வைப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறது.

ஆட்டம் முடிந்த பிறகு லாக்கர் ரூம் வாசலில் காத்திருந்து, அது என் மகன் வேலை என்று அவரிடமே சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “டிக்கெட் வாங்கிட்டு வந்து திட்டச் சொல்லுங்க சார். அவ்ளோ உயரத்துலேர்ந்து சொன்னா எனக்குக் காது கேக்காது,” என்றார். சிரிக்கத்தான் சொன்னார், கண் சிரிக்கவில்லை. அவர் வீட்டு முன்னால் புல்வெளியில் எவனோ ‘வீடு விற்பனைக்கு’ என்று பலகை நட்டிருந்தானாம், அதை அன்று காலையில்தான் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எங்கள் பெஞ்சில் நானும் அம்மாவும் தனியாக உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தலை நிமிரவில்லை. நோரீன் மகளோடு உள்ளே வந்தாள், சுற்றிப் பார்த்தாள், நேராக வந்து உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் மெதுவாக, “வெர்னா, நன்றி நாள் பண்டிகைக்கு உங்க பையன் வர்றானா?” என்று கேட்டாள். நீ வரமுடியாது என்று போன மாதமே சொல்லிவிட்டாய் அல்லவா? உன் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “வர்றான்மா. முந்தின சனிக்கிழமையே வந்துடுவான், கடைசி ஆட்டத்துக்கு. உங்க பக்கத்துலதான் உக்காருவான்,” என்று சொல்லிவிட்டாள். உன் அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை கிளென். அதுவும் சிலுவைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. டிக்கெட் வாங்கி வைத்துவிட்டேன். அவளைப் பொய்க்காரி ஆக்குவதா வேண்டாமா என்பது இனி உன் பாடு.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், உனக்கு நல்ல புத்தியும் கொடுக்கட்டும். காரில் வருவதானால் மலைப்பாதைக்கு டயர்ச் சங்கிலி எடுத்து வை, பனி சீக்கிரம் விழும் என்கிறார்கள்.

உன் மேல் கோபமாக இருக்கும்,
அப்பா
ஆர்வில் டெஸ்மர்